குழாய்க்கும் குழந்தையின் வாய்க்கும் நடுவே

ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்களில் குடிக்கத் தண்ணீர் கேட்டால், சொம்பை நீட்டும்போதே ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார்கள்: "நல்ல தண்ணிதான், குடிங்க." உப்புத் தண்ணீர் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, சாயல்குடி வட்டாரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர். குளிக்க, துவைக்க, மாட்டுக்குக் காட்ட உப்புத் தண்ணீர். குடிக்க, உலை வைக்க நல்ல தண்ணீர் என்று வீட்டில் தனித்தனிப் பாத்திரங்களே இருக்கும். எது நல்ல தண்ணீர் என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. நாக்கில் கரிக்கிறதா, பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா, பாத்திரத்தில் வெள்ளைக் கறை படிகிறதா என்று பார்ப்பார்கள்.

தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிய இந்தப் பரிசோதனைகளில் எதுவும் தவறில்லை. ஆனால் குழந்தைக்கு வயிற்றால் போகும்போது இவை கைகொடுப்பதில்லை. பேதியைக் கொண்டுவரும் கிருமிக்கு ருசியும் கிடையாது, நிறமும் கிடையாது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரிலும் அது இருக்கும், பருப்பு பூப்போல வேகும் தண்ணீரிலும் இருக்கும். அதனால்தான் பல தாய்மார்கள் மருத்துவரிடம், "நல்ல தண்ணிதான் சார் குடுக்கிறோம்" என்று மனமறிந்த உண்மையைச் சொல்கிறார்கள். அதே நேரம் இடுப்பில் இருக்கும் பிள்ளை கண் செருகிக் கிடக்கிறது.

உலக அளவில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தியாவில் 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், கேட்ட நாளுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் பேதி கண்டிருந்த குழந்தைகள் 7.3 சதவீதம். அதற்கு முந்தைய ஆய்வில் இது 9.2. குறைந்திருக்கிறது, சரி. ஆனால் நூற்றுக்கு ஏழு குழந்தைகள் இரண்டே வாரத்தில் என்றால் வருடம் முழுவதற்கும் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த நோயைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்பதுதான். ஊருணியா, அடிபம்பா, காவிரிக் கூட்டுக் குடிநீரா, கேனா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது பாதிக் கேள்வி. தண்ணீர் புறப்படும் இடத்தைவிட, அங்கிருந்து பிள்ளையின் வாய்க்கு வந்து சேரும் வழியில் நடப்பதுதான் பல வீடுகளில் நோயைத் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

ஊருணியிலிருந்தே பார்ப்போம். குடிநீர் ஊருணி என்றால் அதற்கென்று கட்டுப்பாடு உண்டு. செருப்பைக் கரையில் விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். குளிக்கக் கூடாது, துணி அலசக் கூடாது, ஆடு மாடு இறங்கக் கூடாது. சுகாதாரத் துறை என்று ஒன்று வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊர் தானாக வகுத்த ஒழுங்கு இது. அள்ளி வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தால், தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து விடுவார்கள். கொட்டையில் உள்ள பொருள் களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் படியச் செய்கிறது. மண்ணோடு ஒட்டியிருக்கும் கிருமிகளில் ஒரு பங்கும் சேர்ந்தே இறங்கிவிடும். மீதி மேலேயே இருக்கும். அதனால் தெளியவைத்த பிறகு கொதிக்கவைக்கவோ குளோரின் சேர்க்கவோ வேண்டும். தெளியவைக்காமல் குளோரின் போட்டால் சேறே அதைத் தின்றுவிடும். எனவே முதலில் தெளிவு, அப்புறம் கிருமிநீக்கம் என்ற வரிசை முக்கியம்.

ஊருணிக்கு ஆபத்து முதல் மழையில் வருகிறது. ஐப்பசியில் கொட்டும் மழை, வரத்துக்கால் வழியாக, கோடை முழுக்க வெட்டவெளியில் காய்ந்து கிடந்த எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வந்து சேர்க்கும். கரையில் எவ்வளவு கட்டுப்பாடு இருந்தாலும், வரத்துக்கால் போகும் வழியெல்லாம் காவல் போட முடியாது.

ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் அள்ளும் தண்ணீர் பார்வைக்கு ஏழ்மையின் அடையாளமாகத் தெரியும். ஆனால் மணல் வழியாகக் கசிந்து வரும் நீர், திறந்த குளத்து நீரைவிடப் பெரும்பாலும் சுத்தமானது. கெடுவது சிரட்டையிலும் கையிலும்தான். அடிபம்புக்கும் இதுவே பொருந்தும். நம் ஊர்ப் பள்ளி வாசலில் நிற்கும் இந்தியா மார்க் 2 அடிபம்பு 1970களில் யுனிசெப் உதவியோடு உருவாகி, கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதித்துப் பார்க்கப்பட்டு, பிறகு நாடெங்கும் போனது. ஆழத்திலிருந்து வரும் நீரை மண்ணே வடிகட்டித் தருவதால் கிருமி குறைவு. ஆனால் அடியில் உள்ள சிமெண்டு மேடையில் விரிசல் விட்டால், பக்கத்தில் தேங்கும் அழுக்குத் தண்ணீர் குழாயை ஒட்டியே கீழே இறங்கிவிடும். பம்பு வேலை செய்கிறதா என்று பார்க்கிறோம். மேடையைக் குனிந்து பார்ப்பவர் அபூர்வம்.

கிருமி இல்லை என்பதற்காக ஆழ்துளைக் கிணற்றை முழுதாக நம்பியும் விடக்கூடாது. குளத்து நீரால் குழந்தைகள் பேதியில் செத்ததைத் தடுக்க வங்கதேசத்தில் 1970களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்த வேலை. பின்னாளில் அந்த நீரில் ஆர்சனிக் நஞ்சு இருப்பது தெரியவந்தது. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது.

இப்போது கிராமத்துக் குடிநீர் என்றால் பெரும்பாலும் மேல்நிலைத் தொட்டியும் அதிலிருந்து வரும் குழாயும்தான். 2019 ஆகஸ்ட் 15 அன்று, வீட்டுக்கு வீடு குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது இந்தியக் கிராமங்களில் 3.23 கோடி வீடுகளுக்குத்தான், அதாவது ஆறில் ஒரு வீட்டுக்குத்தான், குழாய் இணைப்பு இருந்தது. இன்று அது 15 கோடியைத் தாண்டிவிட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. தலையில் குடம் சுமந்த பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் குழாய் வந்துவிட்டது என்பதும் குழாயில் வருவது பாதுகாப்பானது என்பதும் வெவ்வேறு செய்திகள்.

எங்கள் பக்கத்துத் தொட்டி ஒன்றில் பிளீச்சிங் பவுடர் கலப்பதை ஒருநாள் நின்று பார்த்தேன். டேங்க் ஆபரேட்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு பிளாஸ்டிக் வாளியில் பவுடரைக் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, அப்புறம் வாளியை நிரப்பி ஓரமாக வைத்தார். சுண்ணாம்பு அடியில் இறங்க விட்டு, மேலே நின்ற தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அதைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்கு மேலே தூக்கினார். செய்முறை மிகச் சரி. "எவ்வளவு பவுடர்ண்ணே போடுவீங்க?" என்றேன். "கை அளவுதான் தம்பி. கூடப் போட்டா மருந்து வாடை அடிக்குதுன்னு சண்டைக்கு வந்துர்றாங்க" என்றார்.

சமூக மருத்துவப் பாடத்தில் வரும் தோராயக் கணக்கு, தெளிந்த நீராக இருந்தால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். 30,000 லிட்டர்த் தொட்டிக்கு 75 கிராம். இதில் 'நல்ல' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். மூட்டையின் வாயைக் கட்டாமல் ஈரம்படும் இடத்தில் போட்டுவைத்தால் அது வாரக்கணக்கில் பறந்துபோய், கடைசியில் சுண்ணாம்புதான் மிஞ்சும். அளவு சரியாக இருந்தும் பலன் இல்லாமல் போவது இப்படித்தான். கலந்த பிறகு அரை மணி நேரமாவது விட்டுத்தான் திறக்க வேண்டும். குழாயின் கடைசி முனையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தண்ணீர் போகும் வழியில் புதிதாக ஏதாவது கிருமி நுழைந்தால் அதைக் கொல்ல அந்த மிச்சம்தான் காவல். லேசான அந்த மருந்து வாடையை நாம் குற்றம் என்று நினைக்கிறோம். காவல்காரர் விழித்திருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். ஆபரேட்டரிடம் சண்டைக்குப் போக வேண்டியது வாடை அடிக்காத நாளில்தான்.

அப்புறம் குழாயடிப் பள்ளம். தமிழ்நாட்டுக் கிராமங்களைச் சுற்றியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். தொட்டியிலிருந்து தூரமாக இருக்கும் தெருக்களில் தண்ணீர் வேகமாக வராது. மூன்றடி உயரக் குழாயில் ஏறாது. எனவே வாசலில் இரண்டடிக்குப் பள்ளம் தோண்டி, குழாயைத் தரைக்குக் கீழே வெட்டி வைத்திருப்பார்கள். பள்ளத்துக்குள் குடம் இறங்கி உட்காரும். தண்ணீர் நின்ற பிறகு, சிந்தியதும் மழைநீரும் கோழி கிளறிய மண்ணும் அதே பள்ளத்தில் தேங்கி நிற்கும், குழாயின் வாயை மூடிக்கொண்டு. அடுத்து என்ன நடக்கும்? மேலே வால்வை அடைத்ததும் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் தாழ்ந்த இடத்துக்கு ஓடும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். அது பள்ளத்து அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். மறுமுறை வால்வைத் திறக்கும்போது முதலில் வந்து விழுவது அந்தத் தண்ணீர். யாராவது மோட்டார் வைத்து இழுத்தால் இன்னும் மோசம். கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் விட்டுவிட்டு வரும் குழாய்த் தண்ணீரையும் 24 மணி நேரமும் வரும் தண்ணீரையும் ஒப்பிட்டபோது, மலக்கிருமி முன்னதில்தான் பல மடங்கு அதிகமாகக் கிடைத்தது. அது நகரம்தான், ஆனால் குழாயின் குணம் எங்கேயும் ஒன்றுதான்.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, புதுச்சேரி அரசு அங்கே சுகாதார அவசர நிலை அறிவித்ததும் பள்ளிகளை மூடியதும் நினைவிருக்கும். அப்போதும் குழாய்க் கசிவுகள்தான் பேசப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்களுக்கான மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது எப்படி? ஊரில் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து உடம்பு முடியாமல் போக, தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னதால்தான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். யாருக்கு எந்தத் தொட்டி, அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில் சாதி இருக்கிற வரைக்கும் குடிநீரை வெறும் பொறியியல் விஷயமாகப் பேசுவது நேர்மையாகாது. ஒரு ஊரில் முதலில் உடம்புக்கு முடியாமல் போகிறவர்கள் குழந்தைகள்தான். தண்ணீர் கெட்டதை ஆய்வுக்கூடத்துக்கு முன்பே அவர்கள் உடம்பு சொல்லிவிடுகிறது.

சரி, தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. இனிமேல் அது குடத்தில் இரண்டு நாள், மூன்று நாள் இருக்கும், ஏனென்றால் அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாது. குடத்திலிருந்து தவலைக்கு, தவலையிலிருந்து சொம்புக்கு. சொம்பை விட்டு மொள்ளும்போது நான்கு விரல் நுனியும் சேர்ந்து நனையும். நல்ல ஊற்றிலிருந்து எடுத்த நீரும் குடிக்கும் நேரத்தில் கெட்டுப்போயிருப்பதைப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் காட்டினார்கள். ஊற்று எவ்வளவு சுத்தமோ அந்த அளவுக்கு வீட்டில் கெடுவது கூடுதலாகத் தெரிந்தது என்பதுதான் அதில் என்னை உறுத்திய விஷயம்.

இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. 1980களில் கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில், காலரா கண்ட வீடுகளுக்குக் கழுத்துக் குறுகிய மண் கூஜா கொடுத்துப் பார்த்தார்கள். கை உள்ளே போக முடியாது, சாய்த்துத்தான் ஊற்ற முடியும். அந்த வீடுகளில் மற்றவர்களுக்கு நோய் தொற்றுவது வெகுவாகக் குறைந்தது. நம்மிடம் குழாய் வைத்த மண்பானை இருக்கிறது, மூடி போட்ட எவர்சில்வர் டிரம் இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் நீளக் கைப்பிடி வைத்த கரண்டி ஒன்று, அதை மாட்ட ஒரு ஆணி. செப்புக் குடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2012இல் பெங்களூரு ஆய்வாளர்கள் பேதிக் கிருமிகளைக் கலந்த நீரைச் செப்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்துப் பார்த்தபோது உயிருள்ள கிருமிகள் கிடைக்கவில்லை. பாட்டிமார் சொன்னது வீண்போகவில்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் செய்தது. காலையில் பிடித்துக் காலையிலேயே குடித்தால் அந்தப் பலன் வராது.

கேன் தண்ணீரும், வண்டியில் வந்து குடம் கணக்கில் விற்கும் ஆர்ஓ தண்ணீரும் இப்போது கடலோர ஊர்களில் சாதாரணம். ஆர்ஓ உப்பை எடுக்கும், கிருமியையும் எடுக்கும். ஆனால் காவலுக்குக் குளோரின் இருக்காது. வண்டித் தொட்டியைக் கழுவி எத்தனை நாள் ஆயிற்று என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், பாட்டில் தண்ணீர் குடித்த குழந்தைகளையும் குழாய்த் தண்ணீர் குடித்த குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்தார்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் தொற்று இரண்டு பக்கமும் குறையாமல்தான் இருந்தது.

ஏன் அப்படி? ஒரு வயதுப் பிள்ளை நாளெல்லாம் என்ன செய்கிறது என்று பாருங்கள். தவழ்கிறது. கோழி நடந்த முற்றத்தில் கையை ஊன்றி, அந்தக் கையை வாயில் வைக்கிறது. காலையில் காய்ச்சிய கூழை மத்தியானமும் ஊட்டுகிறோம். பால் புட்டியின் ரப்பரை முந்தானையில் துடைத்துக் கொடுக்கிறோம். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை பேதி அதிகமாக வருவது இதனால்தான். "பல்லு முளைக்குது, அதான் போகுது" என்பார்கள். பல் முளைக்கும் வயதும் கண்டதை வாயில் வைக்கும் வயதும் ஒன்றாக அமைந்துவிட்டதில் பழி பல்லின்மேல் விழுந்தது. 2018இல் வெளியான பெரிய ஆய்வுகளில், வங்கதேசத்துக் கிராமங்களில் கழிப்பறை, கைகழுவுதல், சத்துணவு கொடுத்த வீடுகளில் பேதி நன்றாகக் குறைந்தது. குடிநீரில் குளோரின் மட்டும் கொடுத்த வீடுகளில் அந்த அளவு குறையவில்லை. கென்யாவில் அதே முயற்சிகள் எதுவுமே பேதியைக் குறைக்கவில்லை. குடிநீர் ஒரு கதவு. வீட்டுக்கு வேறு கதவுகளும் இருக்கின்றன.

அதில் ஒரு பெரிய கதவு தண்ணீரின் அளவு. அழுக்குத் தண்ணீரைக் குடிப்பதால் வரும் நோயும், கழுவத் தண்ணீர் போதாததால் வரும் நோயும் வேறு வேறு என்று 1972லேயே டேவிட் பிராட்லி போன்ற ஆய்வாளர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவில் பார்த்துப் பிரித்துச் சொன்னார்கள். குடம் காசு கொடுத்து வாங்கும் வீட்டில் பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்று உபதேசம் செய்வது எளிது. செய்ய வேண்டியவளுக்குத்தான் கஷ்டம் தெரியும். ஆனால் ஒன்று: கை கழுவ நல்ல தண்ணீர் வேண்டியதில்லை. உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, தேய்த்துக் கழுவினால் வேலை நடக்கும். இதை நம் சுகாதாரப் பிரச்சாரங்களில் யாராவது அழுத்திச் சொல்லக் கூடாதா?

தண்ணீரை எவ்வளவு சுத்தமாக்கினாலும், குழந்தைகளுக்குப் பேதியைக் கொண்டுவரும் ரோட்டா வைரஸ் வசதியான வீடுகளிலும் நுழையும். அதற்கான சொட்டு மருந்து தமிழ்நாட்டில் 2017இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. 6, 10, 14 வாரங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

இத்தனைக்கும் மேல் பேதி வந்துவிட்டால்? ஊரில் முதலில் போவது, வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பவரிடம், அல்லது "உச்சி விழுந்திருச்சு" என்று பார்க்கச் சொல்லி ஒரு பெரியவரிடம். உச்சிக்குழி உள்ளே போயிருப்பது உண்மைதான். அது நோய்க்குக் காரணம் இல்லை. உடம்பில் நீர் வற்றிவிட்டதன் அடையாளம். அந்த நேரத்தில் "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று சொம்பை ஒதுக்கிவைப்பதுபோல் ஆபத்து வேறில்லை. 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்கத்துப் பங்காவ் முகாமில் காலரா வாட்டியபோது, ஊசி வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை போய்க்கொண்டிருந்த சாவு நான்குக்கும் கீழே வந்தது. அதுதான் இன்று ஐந்தாறு ரூபாய்க்கும் இலவசமாகவும் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம். முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போட்டால் உப்பின் அளவு தவறிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் மோரும் கொடுக்கலாம். கூடவே 14 நாளுக்கு துத்தநாக மாத்திரை. பேதி இரண்டு நாளில் நின்றாலும் நிறுத்தக் கூடாது. பேதி கண்ட குழந்தைகளில் ஓஆர்எஸ் கிடைத்தது 60.6 சதவீதத்துக்கு, துத்தநாகம் 30.5 சதவீதத்துக்குத்தான் என்கிறது அதே தேசியக் குடும்ப நல ஆய்வு. மருந்துக் கடையில் ஓஆர்எஸ் போலவே அட்டைப் பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்கள், சர்க்கரை மிகுதியால் பேதியைக் கூட்டக்கூடியவை. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்கில் போராடியதால், 2025 அக்டோபரில் அவற்றின்மீது அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் சின்ன பாட்டிலில் தண்ணீரை ஊற்றி மூடி ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி இருந்தால் கறுத்துவிடும். 1982இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட எளிய முறை இது. மின்சாரம்கூட வேண்டாம். அப்படி ஒரு சோதனையைப் பக்கத்து ஊர் அங்கன்வாடியில் பார்த்தேன். மூன்று பாட்டில்: தொட்டியடிக் குழாயில் பிடித்தது, கடைசித் தெருப் பள்ளத்துக் குழாயில் பிடித்தது, அதே தெருவில் ஒரு வீட்டுக் குடத்தில் மொண்டது. மறுநாள் சாயங்காலம் முதல் பாட்டில் நிறம் மாறாமல் இருந்தது. மற்ற இரண்டும் மை மாதிரிக் கறுத்திருந்தன.

குடத்துக்காரப் பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இடுப்பில் பிள்ளை. அப்புறம் சோதனை செய்த பெண்ணைப் பார்த்து, "அப்ப குழாயை மேல தூக்கி வச்சுப் பள்ளத்தை மூடிறணும், அப்படித்தானக்கா?" என்று கேட்டாள்.

"மூடலாம்த்தா. மேல தூக்கினா நம்ம தெருவுக்குத் தண்ணி ஏறாதே."

"ஏறுற மாதிரி விடச் சொல்லி எழுதிக் குடுப்போம். அந்த பாட்டிலையும் எடுத்துக்கங்க."